உள்ளூர் லேபிள்களின் 45கள்: அமெரிக்க சோல், ஃபங்க் சிங்கிள்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளில் இந்த இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. சென்னைக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளையும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் எழுதிக் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

நீங்கள் சேகரிப்பது சரியாக என்ன?

ஏழு அங்குல அகலம், நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. இந்த அளவுத் தட்டை 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. சேகரிப்பவர்கள் இதை '45' என்றே சொல்வார்கள். நான் தேடுவது 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் இறுதிவரை, அமெரிக்க நகரங்களில் கறுப்பின இசைக்கலைஞர்கள் கைக்காசு போட்டோ, உள்ளூர்க்காரர் ஒருவரின் சிறிய லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) வழியாகவோ வெளியிட்ட சோல், ஃபங்க் சிங்கிள்களை. மோட்டவுன், அட்லாண்டிக் போன்ற பெரிய நிறுவனங்களின் தட்டுகள் இதில் சேராது. அவற்றில் பெரும்பாலானவை ஏராளமாக அச்சானவை, இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன.

சோலுக்கும் ஃபங்க்குக்கும் என்ன வேறுபாடு?

தேவாலயத்தில் கடவுளை நோக்கிப் பாடிய அதே குரல், அதே உருக்கத்தோடு காதலையும் பிரிவையும் பாட வந்தபோது பிறந்தது சோல். ஃபங்க்கில் பாட்டின் கனம் மெட்டிலிருந்து தாளத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி அழுத்தமாக விழும். கிட்டார், பேஸ், பித்தளை வாத்தியங்கள் எல்லாமே தாளக்கருவிகளைப் போலத் துண்டு துண்டாக வாசிக்கும். 1967இல் ஜேம்ஸ் பிரவுன் 'கோல்ட் ஸ்வெட்' வெளியிட்ட பிறகு அமெரிக்காவின் ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு அந்தத் தாளத்தைத் தன் போக்கில் வாசித்துப் பார்த்தது. அப்படிப் பார்த்தவர்களில் ஒலிப்பதிவுக் கூடம்வரை போய்ச் சேர்ந்தவர்களின் தட்டுகள்தான் இன்று நாம் தேடுபவை.

அவை ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டன?

அன்றைய கணக்கைப் பார்த்தால் புரியும். ஒரு குழு உள்ளூர்க் கூடத்தில் ஓரிரு மணி நேரத்துக்கு வாடகை கொடுத்து இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்யும். நாடாவை அச்சுத் தொழிற்சாலைக்கு அனுப்பி சில நூறு பிரதிகள் வாங்கும். உள்ளூர் வானொலி அறிவிப்பாளருக்கு ஒன்று, காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்குச் சில, கச்சேரி மேடையின் ஓரத்தில் விற்க மீதி. வானொலியில் நாலு முறை ஒலித்தால் அடுத்த ஊருக்குப் போகும். ஒலிக்காவிட்டால் அதோடு முடிந்தது. விற்காத பெட்டிகள் கார் கொட்டகையிலும் நிலவறையிலும் தங்கிப்போகும். பிறகு கூரை ஒழுகும், வெள்ளம் வரும், வீடு கைமாறும். 2005இல் கத்ரீனா புயல் வெள்ளம் நியூ ஆர்லியன்ஸில் அடித்துக்கொண்டு போனவற்றில் இப்படிப்பட்ட பெட்டிகளும் உண்டு.

வானொலியும் விநியோகமும் ஊருக்கு ஊர் தனித்தனியாக இருந்ததை மறந்துவிடக் கூடாது. ஒரு நகரில் எல்லோரும் முணுமுணுத்த பாட்டை இருநூறு மைல் தள்ளி ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

ஊருக்கு ஊர் ஒலி உண்மையிலேயே மாறுமா, அல்லது சேகரிப்பவர்கள் சொல்லிக்கொள்வதா?

மாறும். நான் இந்தத் தட்டுகளை விடாமல் இருப்பதே அதனால்தான்.

மயாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் நடுவில் அங்கே டீப் சிட்டி என்ற லேபிளை நடத்தியவர்கள் வில்லி கிளார்க்கும் ஜானி பியர்சாலும். கிளார்க் பள்ளி ஆசிரியர். பியர்சால் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழு அந்த வட்டாரத்தில் பெரும் பெயர் பெற்றது. அதன் முரசும் பித்தளையும் டீப் சிட்டி பாட்டுகளில் அப்படியே வந்து இறங்கியிருக்கின்றன. ஹெலன் ஸ்மித்தின் மென்குரலுக்குப் பின்னால் ஊர்வலத்துக்கு அடிப்பதுபோல் முரசு விழும். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பெட்டி ரைட் சிறுமியாகத் தொடக்க காலத்தில் பாடியதும் இந்த லேபிளில்தான்.

நியூ ஆர்லியன்ஸில் கதை வேறு. அங்கே சவ ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் வாத்தியக் குழு முன்னே போக, மக்கள் பின்னால் ஆடிக்கொண்டு போவார்கள். அந்தப் பின்வரிசை நடையின் துள்ளல்தான் அந்நகர ஃபங்க்கின் உயிர். 1969இல் எடி போ வெளியிட்ட 'ஹூக் அண்ட் ஸ்லிங்' தட்டைக் கேளுங்கள். டிரம்ஸ் நேர்க்கோட்டில் போகவே போகாது. தடுக்கி விழப்போகிறவர் கடைசி நொடியில் சமாளித்துக்கொள்வதுபோல் ஒவ்வொரு சுற்றும் வந்து சேரும்.

டெட்ராய்ட்டின் சிறிய லேபிள்களில் அந்நகர நிறுவனமான மோட்டவுனின் சாயல் பலமாக இருக்கும். காரணம் எளிது. மோட்டவுன் கூடத்தில் சம்பளத்துக்கு வாசித்தவர்களே நிறுவனத்துக்குத் தெரியாமல் ரிக்-டிக் போன்ற போட்டி லேபிள்களுக்கும் போய் வாசித்தார்கள்.

எங்கள் கொலம்பஸ் நகரில் கேப்சோல் இருந்தது. வானொலி அறிவிப்பாளர் பில் மாஸ் 1970இல் தொடங்கி, சில ஆண்டுகளில் பன்னிரண்டு சிங்கிள்களும் ஒரு நெடுந்தட்டும் மட்டுமே வெளியிட்டு மூடிய லேபிள். மாரியன் பிளாக்கின் கரகரத்த குரலும், 'ஜான்சன், ஹாக்கின்ஸ், டேட்டம் அண்ட் டர்' குழுவின் கூட்டுக்குரலும் அதில் பதிவானவை. அந்தக் குழுவின் பெயரே ஒரு வக்கீல் அலுவலகப் பலகை மாதிரி இருக்கும். பாட்டோ நெஞ்சைப் பிழியும். நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோன ஊர் இப்படியும் பாடியது என்று தெரியவந்த நாளில்தான் இந்தத் தேடல் எனக்குத் தீவிரமானது.

ஒரே பாட்டு இரண்டு லேபிள்களில் இருக்கிறதே, எது அசல்?

இரண்டுமே அசல்தான். ஆனால் முந்தியது உள்ளூர் லேபிள். ஹூஸ்டன் நகர ஆர்ச்சி பெல் அண்ட் த டிரெல்ஸ் குழுவின் 'டைட்டன் அப்' முதலில் ஸ்கிப்பர் லீ ஃபிரேசியர் என்ற உள்ளூர் வானொலி அறிவிப்பாளரின் ஓவிட் லேபிளில் வந்தது. பாட்டு சூடுபிடித்ததும் அட்லாண்டிக் நிறுவனம் வாங்கி நாடெங்கும் விற்றது. 1968இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அந்த வேளையில் பெல், ராணுவ வேலைக்குப் போய்க் காலில் காயத்தோடு ஜெர்மனியில் மருத்துவமனையில் படுத்திருந்தார். அட்லாண்டிக் பிரதி சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஓவிட் பிரதிக்குத் தேட வேண்டும். ஃபீனிக்ஸ் நகர டைக் அண்ட் த பிளேசர்ஸ் குழுவின் 'ஃபங்கி பிராட்வே' தட்டும் இப்படித்தான். ஆர்ட்கோ என்ற உள்ளூர் லேபிளில் தொடங்கி, ஒரிஜினல் சவுண்ட் லேபிளுக்கு மாறியது.

விலையை இப்படி ஏற்றியது யார்?

பெரும்பங்கு இங்கிலாந்துக்கு. வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் இளைஞர்கள் வார இறுதியில் விடிய விடிய ஆடுவதற்கு வேகமான அமெரிக்க சோல் தட்டுகளைத் தேடினார்கள். அமெரிக்காவில் யாரும் சீண்டாத, தோற்றுப்போன தட்டுகளே அவர்களுக்குப் பொக்கிஷம். இந்த ரசனைக்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தவர் டேவ் காடின். லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்திய அவர், 1970இல் 'புளூஸ் அண்ட் சோல்' இதழில் அந்தப் பெயரை எழுதினார். 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கசீனோ இரவுகள் இதன் உச்சம். தன்னிடம் உள்ள தட்டு எதுவென்று போட்டியாளருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக டி.ஜே.க்கள் தட்டின் நடுவிலுள்ள லேபிள் காகிதத்தின்மேல் தாளை ஒட்டி, பாடகருக்கு வேறொரு பெயரை இட்டுச் சொல்வது அங்கே வழக்கம்.

ஃபங்க்குக்கு இதே வேலையைச் செய்தவர் ஸ்காட்லாந்துக்காரர் கெப் டார்ஜ். 1990களில் லண்டனில் அவர் 'டீப் ஃபங்க்' என்ற பெயரில் உள்ளூர் 45களை ஒலிக்கவிட்டார். அதே காலத்தில் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களும் டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளுக்காகப் பழைய தட்டுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே பெட்டியில் கைவைத்தபோது விலை எகிறியது.

மிக அதிக விலைக்குப் போனது எது?

ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ'. மோட்டவுனின் கிளை லேபிளான 'சோல்' 1965இன் இறுதியில் அச்சிட்டது. வில்சன் பாடகராவதைவிடத் தயாரிப்பாளராகவே இருக்க விரும்பியதால் தட்டு வெளிவரவில்லை, பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் என்பார்கள். 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு விற்றது. 2020இல் ஒரு லட்சம் பவுண்டு என்று செய்தி வந்தது. டாரல் பேங்க்ஸின் 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' இன்னொரு பாடம். அதன் டெட்ராய்ட் அச்சு எளிதாகக் கிடைக்கும். ஆனால் இங்கிலாந்தில் 'லண்டன்' என்ற லேபிள் அச்சிட்டு உரிமைச் சிக்கலால் திரும்பப் பெற்ற பிரதி ஒன்று 2014இல் 14,543 பவுண்டுக்குப் போனது. ஒரே பாட்டு, ஒரே பதிவு.

இந்தத் தொகைகளைப் பார்த்து இந்தப் பக்கம் வராதீர்கள். என் அலமாரியில் நான் அதிகம் கேட்கும் தட்டுகள் பலவும் பத்து டாலருக்குள் வாங்கியவை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நடுவிலுள்ள லேபிள் காகிதத்தைப் பார்த்து நம்பாதீர்கள். கடைசித் தடத்துக்கும் லேபிளுக்கும் இடையே பாட்டு இல்லாத ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அதைப் பாருங்கள். சேகரிப்பவர்கள் அதை 'டெட் வாக்ஸ்' என்பார்கள். தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்ந்து விழும்படி மெதுவாகத் திருப்புங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. சட்டென்று எழுத்துகள் எழுந்து வரும். சில கையால் கீறியவை, சில முத்திரையாகப் பதித்தவை. லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் தொழிற்சாலை என்றால் ஒரு சிறு முக்கோணமும் அதையொட்டி எண்ணும் இருக்கும். அந்த எண்கள் வரிசையாகப் போனவை, ஆகவே எந்த ஆண்டு அச்சு என்று கணக்கிடலாம். தெற்கு மாநிலத் தட்டுகள் பலவற்றில் 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' என்ற முத்திரையைக் காணலாம். சின்சினாட்டியின் ரைட் நிறுவனம், காசு கொடுத்த எவருக்கும் அச்சிட்டுத் தந்தது. தேவாலயக் குழுக்களும் பள்ளிக் குழுக்களும் அதைத் தேடிப் போயின. அதன் வரிசை எண்களை ஆர்வலர்கள் பொறுமையாகத் தொகுத்து ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கீறிய எண் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். லேபிளின் எழுத்து மங்கலாகவோ, படத்தைப் படம் எடுத்ததுபோலத் தடித்தோ இருந்தாலும் அப்படியே. ஒலியையும் கவனியுங்கள். தட்டிலிருந்தே நகலெடுத்த போலியில் புதுத் தட்டிலும் பழைய கீறலின் சத்தம் கேட்கும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். எண்பது டாலர் கொடுத்து வாங்கிய டெட்ராய்ட் சிங்கிள் ஒன்று, வந்து சேர்ந்தபோது பளபளவென்று புதிதாக இருந்தது. டெட் வாக்ஸில் முத்திரையே இல்லை. விற்றவர் காட்டிய படத்தில் அந்தப் பகுதி நிழலில் இருந்தது. தெளிவான படத்தை நான் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் இரு பக்கத்து டெட் வாக்ஸின் படத்தையும் அனுப்பாதவரிடம் நான் வாங்குவதில்லை.

வினைல், ஸ்டைரீன் என்று பிரிக்கிறார்களே?

வினைல் தட்டு அழுத்தி அச்சிடப்படுவது, லேபிள் தட்டோடு சேர்ந்து பதிந்திருக்கும். ஸ்டைரீன் என்பது அச்சுக்குள் பிளாஸ்டிக்கைப் பாய்ச்சிச் செய்வது, லேபிளைப் பிறகு பசையால் ஒட்டுவார்கள். ஸ்டைரீன் வளையாது, விறைப்பாக இருக்கும். விரல் நகத்தால் தட்டினால் மெல்லிய பிளாஸ்டிக் தட்டின் ஓசை வரும். ஓரம் தட்டையாக இருக்கும். ஒட்டிய லேபிள் காலப்போக்கில் உப்பி எழுவதும் உண்டு. ஸ்டைரீன் முதல்முறை கேட்க அருமையாக இருக்கும், ஆனால் தேய்மானம் சீக்கிரம் வந்துவிடும். தேய்ந்த ஊசியை அதன்மேல் வைக்கவே கூடாது. டி.ஜே.க்கள் செய்வதுபோல் கையால் முன்னும் பின்னும் ஓட்டினால் முதல் சில நொடிகள் நிரந்தரமாக இரைச்சலாகிவிடும். ஸ்டைரீனை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள்.

விற்பவர்கள் போடும் 'விஜி பிளஸ்' போன்ற குறிகளை நம்பலாமா?

அமெரிக்காவில் தட்டின் நிலையைச் சொல்ல 'கோல்ட்மைன்' என்ற சேகரிப்பாளர் இதழின் அளவுகோலைப் பின்பற்றுகிறார்கள். மின்ட் (புத்தம் புதிது), நியர் மின்ட், விஜி (வெரி குட்) பிளஸ், விஜி, குட் என்று இறங்கும். இதில் 'குட்' என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள் கொள்ளாதீர்கள். இரைச்சலோடு கடைசிவரை ஓடும், அவ்வளவுதான். கண்ணால் பார்த்துக் குறியிட்டாரா, ஓடவிட்டுக் கேட்டாரா என்று விற்பவரிடம் கேட்பது முக்கியம்.

நிலை மோசமானவற்றை ஒதுக்கிவிடவும் வேண்டாம். என்னிடம் உள்ள ஒரு தட்டின் லேபிளில் யாரோ நீல மையில் தன் பெயரை எழுதி அதன் கீழே கோடு போட்டிருக்கிறார். விருந்துக்கு எடுத்துப்போகும் தட்டு வேறொருவர் பெட்டியில் கலந்துவிடக் கூடாதே என்று அப்படி எழுதுவார்கள். ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து வெளிறியிருக்கிறது, மறுபக்கம் கறுப்பாக மின்னுகிறது. எந்தப் பாட்டுக்கு அந்த வீட்டில் ஆடினார்கள் என்பதை ஊசி வைக்காமலே சொல்லிவிடலாம். சந்தை விதிப்படி எழுத்து இருந்தால் விலை குறையும். எனக்கு அது கூடுதல் மதிப்பு.

எங்கே வாங்குவது?

டிஸ்காக்ஸ், ஈபே என்ற இரு இணையச் சந்தைகளும் பொதுவான இடங்கள். வாங்குமுன் பழைய ஏல விலைகளைப் பாப்சைக் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. அமெரிக்காவில் உறவினரோ நண்பரோ இருந்தால் அவர் முகவரிக்கு வரவழைத்து மொத்தமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒற்றைத் தட்டுக்கு வெளிநாட்டு அஞ்சல் செலவு தட்டின் விலையைத் தாண்டிவிடும். தட்டின் இரு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டச் சொல்ல மறக்காதீர்கள். ஸ்டைரீன் என்றால் இரண்டு அட்டை கூடுதலாக.

நம் வீட்டுப் பழைய ப்ளேயரில் ஓடுமா?

மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது துளை. நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. தமிழ்த் திரைப்பாடல் இ.பி. தட்டுகளும் ஏழு அங்குலம், 45 சுற்றுதான். ஆனால் அவற்றின் நடுத்துளை சிறியது. அமெரிக்க 45களின் துளை ஒன்றரை அங்குலம். நடுவில் வைக்க அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் வட்டு ஒன்று போதும், விலை மிகக் குறைவு. இரண்டாவது மின்சாரம். அமெரிக்காவிலிருந்து பழைய ப்ளேயரைக் கொண்டுவந்தால் மின்னழுத்த மாற்றி மட்டும் போதாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பிச் சுழலும் மோட்டார் இங்கே நிமிடத்துக்கு 45க்குப் பதில் 37.5 சுற்றுதான் சுற்றும். பாடகி ஆண்குரலில் பாடுவாள். மூன்றாவது ஊசி. பழைய ப்ளேயரில் வருடக்கணக்கில் மாற்றாத ஊசி இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

சென்னை வெயிலிலும் ஈரத்திலும் எப்படிப் பாதுகாப்பது?

நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்காதீர்கள். மாடியறையும் மேற்குச் சுவரும் ஆகாது. மழைக்காலத்தில் காகித உறையில் பூஞ்சை பிடிக்கும், அது தட்டுக்கும் பரவும். பழைய உறையைத் தூக்கி எறியாமல் உலர்த்தித் தனியாக வைத்துவிட்டு, தட்டைப் புதிய பாலிஎத்திலீன் உட்புறமுள்ள உறையில் போடுங்கள். மென்மையான பி.வி.சி. உறை நாளடைவில் தட்டின்மேல் பால்படலம்போல் படியும். கழுவ வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரும் ஒரு துளி சோப்புத் திரவமும் போதும். லேபிள் நனையக் கூடாது. நம் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு தடத்தில் தங்கிவிடும்.

பி பக்கத்தையும் (தட்டின் பின்பக்கத்தையும்) கேட்க வேண்டுமா?

கட்டாயம். 'டைட்டன் அப்' முதலில் பி பக்கமாகக் கருதப்பட்ட பாட்டு. வேறு பாட்டுகளில் உலகிலேயே மிக அதிகமாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்றான டிரம்ஸ் துண்டு, 1969இல் த வின்ஸ்டன்ஸ் வெளியிட்ட 'கலர் ஹிம் ஃபாதர்' சிங்கிளின் பின்பக்கத்தில், 'ஆமென், பிரதர்' பாட்டில் இருக்கிறது. சில நொடிகள்தான்.

மறுபதிப்பு வாங்கினால் போதாதா? யாருக்குப் பணம் போகிறது?

முறையாக உரிமை பெற்ற மறுபதிப்பு என்றால் தாராளமாக வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். சிகாகோவின் மறுபதிப்பு லேபிளான நியூமரோ குரூப் 2004இல் தன் முதல் வெளியீடாகக் கேப்சோல் தொகுப்பைக் கொண்டுவந்தது. 2001இல் ஸ்டோன்ஸ் த்ரோ லேபிள் வெளியிட்ட 'த ஃபங்கி 16 கார்னர்ஸ்' தொகுப்பு, இண்டியானபொலிஸ் குழு ஒன்றின் பாட்டையே தலைப்பாகக் கொண்டது. ஹூஸ்டன் காஷ்மியர் உயர்நிலைப் பள்ளியில் கான்ராட் ஜான்சன் என்ற ஆசிரியர் மாணவர்களைக் கொண்டு நடத்திய வாத்தியக் குழுவின் பதிவுகளை நவ்-அகெய்ன் லேபிள் 2006இல் வெளியிட்டது. ஜான்சன் 2008இல் தொண்ணூற்றிரண்டு வயதில் மறைவதற்குள் தன் பிள்ளைகளின் வாசிப்பு உலகம் சுற்றியதைப் பார்த்துவிட்டார்.

பழைய பிரதியை நாம் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் பாடியவருக்கு ஒரு காசும் போகாது. மேலே சொன்ன 'ஆமென், பிரதர்' டிரம்ஸை வாசித்தவர் கிரகரி கோல்மன். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அவர் கை ஒலிக்கிறது. அவருக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை, 2006இல் வீடற்றவராக இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த தொகை சுமார் 24,000 பவுண்டு. இதை அறிந்த பிறகு, மறுபதிப்பின் உரிமை யாரிடமிருந்து பெறப்பட்டது என்று உறையில் தேடிப் பார்க்காமல் நான் காசு கொடுப்பதில்லை. போலி அச்சை விலை மலிவு என்பதற்காக வாங்கவும் மாட்டேன்.

வாங்கிய தட்டோடு வேறு எதைச் சேர்த்து வைக்க வேண்டும்?

ஒரு துண்டுச்சீட்டு. லேபிள் பெயர், ஊர், இரு பக்கத்து டெட் வாக்ஸ் எழுத்துகள், பாட்டை எழுதியவர் பெயராக அடைப்புக்குறிக்குள் இருப்பது, எங்கே யாரிடம் வாங்கினோம் என்பது. லேபிளில் தெரு முகவரி அச்சிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், பல நேரம் அது பாடகரின் வீட்டு முகவரியாகவே இருந்திருக்கிறது. தட்டு உடைந்தாலும் சீட்டு மிஞ்சும். ஒரே ஒரு பிரதி மட்டும் வெளியே தெரிந்த தட்டு உங்கள் கைக்கு வந்தால் இரு பக்கத்தையும் பதிவு செய்து ஆய்வு மையம் ஒன்றுக்கு எழுதுங்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க அமெரிக்க இசை, பண்பாட்டு ஆவணக் காப்பகம் 1991 முதல் இயங்குகிறது. ஒஹையோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழக இசை நூலகமும் வெகுசன இசைத்தட்டுகளைப் பெரும் அளவில் காத்துவருகிறது. என் பெட்டியிலுள்ள கொலம்பஸ் தட்டுகளுக்கு மேல் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். எனக்குப் பின் இவை அந்த மாநிலத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்று அதில் எழுதி, எந்த நூலகம் என்பதையும் குறித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன்.